பங்களா மரத்தில் ஒரு கிளை குறைவு

மகனுக்கு,

உன் கார்டு கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது, வாத்தியார் எழுத்து அப்படித்தான் இருக்க வேண்டும். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள், எதைக் கண்டாலும் பிடித்து இழுக்கிறாள் என்று எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். அதற்குக் கீழே, இந்த வருஷம் கிறிஸ்மஸை நாகர்கோவிலிலேயே கொண்டாடப் போகிறோம், பஸ் கண்டக்டர் ஒருவர் கடைக்கு வருவார், பங்களா மரத்தைப் பெட்டியோடு அவரிடம் கொடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தாய். மரத்தை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். என்னை வரச் சொல்லி எழுதவில்லை. கார்டின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அங்கே என் விலாசம்தான் இருந்தது.

மரத்தை அனுப்புகிறேன், பயப்படாதே. இன்று காலை பரணிலிருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டி, கிளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடி அடுக்கியாயிற்று. கடையில் வியாபாரம் இல்லை. மழை தூறிக்கொண்டிருக்கிறது, நனைந்த விறகை யாரும் வாங்க வருவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் மேலாகவே வைப்பேன். கிளைகளை எடுக்கும் அவசரத்தில் கசக்கி எறியாமல் வாசி.

உனக்கு இந்த மரம் வந்த கதை பாதிதான் தெரியும். அப்போது நீ சின்னப் பயல், ஏலம் நடந்தபோது கோயில் முற்றத்தில் கரும்பு கடித்துக்கொண்டு திரிந்தாய். அந்த வருஷங்கள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பார். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், திருவிதாங்கூரிலேயே கிடக்கட்டும் என்று ஒரு கூட்டம். ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. நம் கோயிலிலும் ஆராதனை தமிழிலா மலையாளத்திலா என்று கமிட்டியில் சண்டை. பாட்டு தமிழில் என்றால் ஜெபம் மலையாளத்தில் என்று போதகர் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார், பாவம். நான் தமிழ்க் கட்சி. சும்மா கட்சி இல்லை, தொண்டை கிழியக் கத்துகிற கட்சி.

விறகுக் கடைக்காரன் வீட்டில் கிறிஸ்மஸ் மரம் எப்படி இருந்திருக்கும் என்று நீ நினைக்கிறாய்? டிசம்பர் பிறந்தால் காரோட்டுக் கடற்கரைத் தோப்பிலிருந்து சவுக்குத் தலைப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். நாம் அதைக் காற்றாடி என்போம். சபையார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். ஆளுக்கு மேல் உயரமானதைப் பேரம் பேசித் தூக்கிக்கொண்டு போய், உத்தரத்தில் இடிக்கிறதென்று அரைவாசியை வெட்டி அடுப்பில் வைப்பார்கள். வீட்டை அளந்துவிட்டு மரம் வாங்குங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. எல்லாரும் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு போன பிறகு, கோணலும் மொட்டையுமாக ஒன்று மிஞ்சும். அதுதான் நம் வீட்டுக்கு. உன் அம்மை ஒன்றும் சொல்ல மாட்டாள். கோணல் தெரியாதபடி பஞ்சைப் பிய்த்து ஒட்டுவாள். பனியாம். பனியை இந்த ஊரில் எவன் கண்டான்? வருஷப் பிறப்புக்குள் அது காய்ந்து இலையெல்லாம் தரையில் உதிரும், அவள் அதைப் பெருக்கி வாரும்போது மட்டும் முகம் ஒருமாதிரி இருக்கும். ஒரே ஒரு தரம்தான் சொன்னாள், லேஸ் பின்னிக் கொடுக்க மிஷன் பங்களாவுக்குப் போய்விட்டு வந்த ஒரு நாள்: "துரைசானி அம்மைக்க வீட்டுல ஒரு மரம் உண்டு. வாடாது. அடுத்த வருஷமும் அதே மரமாக்கும்." அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

துரைசானி அம்மா சீமைக்குத் திரும்பிப் போகும்போது பங்களாச் சாமான்களைக் கோயிலுக்கு விட்டுப் போனாள். அறுப்புப் பண்டிகை ஏலத்தில் வாழைக்குலைக்கும் சேவலுக்கும் நடுவே இந்தப் பெட்டியும் வந்தது. திறந்து காட்டினார்கள். பச்சைச் சாயம் முக்கிய வாத்து இறகைக் கம்பியில் சுற்றிய கிளைகள், புட்டி கழுவும் பிரஷ் மாதிரி. ஊரே சிரித்தது. நான் கேட்டேன். ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டக்காரர் மேலே கேட்டார். அவர் மறு கட்சி. இத்தனைக்கும் அவர் வீட்டில் பேசுவதும் நம் பேச்சுதான், ஆனால் கட்சி என்று வந்துவிட்டால் மனிதர் மலையாளத்தைத் தவிர வாயைத் திறக்க மாட்டார். நான் ஏற்ற, அவர் ஏற்ற, கொஞ்ச நேரத்தில் அங்கே மரமே இல்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத்தான் ஏலம் விடுகிறார்கள் என்பதுபோல் இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒருவன், "விட்டுக்குடுக்காத, கேளு" என்று முதுகில் குத்துகிறான். போதகர் முகம் வெளுத்துப்போயிற்று. என் கையிலோ அவ்வளவு பணம் கிடையாது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மை போதகரைப் பார்த்து எழுந்தாள். கோயிலில் அவள் குரலைப் பாட்டில் தவிர யாரும் கேட்டதில்லை. "ஐயரே, அந்த மரத்துல ஒரு கொப்பு இல்ல. அடி வட்டத்துல ஓட்டை மட்டுந்தான் உண்டு. நான் பங்களாவுல கண்டதாக்கும். கொறை மரத்துக்கா இந்த வழக்கு?" என்றாள். எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். நிசம். ரப்பர்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனிக்கு வேண்டா" என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியாகக் கேட்டிருந்தது அவர்தான். அவர் விலகவும், போதகர் அவசர அவசரமாக என் கையில் இருந்த பணத்துக்கே அதை என் தலையில் கட்டி, ஒரு ஜெபத்தையும் பண்ணி, கூட்டத்தைக் கலைத்தார்.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளைத் திட்டினேன். "கொறை மரம்னு தெரிஞ்சா முன்னமே என் காதுல சொல்லப்படாதா? நாலு பேருக்கு முன்னால சொல்லணுமா?" அவள் முன்னால் நடந்துகொண்டே திரும்பாமல் சொன்னாள்: "சொன்னதுகொண்டாக்கும் கெடச்சுது." ஊர் ஒரு மாசம் சிரித்தது. விறகுக் கடைக்காரன் கம்பி மரம் வாங்கியிருக்கிறான், கொல்லன் தெருவில் ஊசி வாங்கினவனைக் கண்டீர்களா என்று. சிரிக்கட்டும். அந்த வருஷம் நம் வீட்டு மரத்தைப் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தே அவள் கை ஓய்ந்தது.

அந்த ஓட்டையை என்ன செய்வது என்று நான் யோசித்தேன். சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டால் தெரியாது என்றேன். அவள் கேட்கவில்லை. என் கையிலிருந்த அரிவாளை வாங்கி, ஒரு பச்சைக் காற்றாடிக் கொப்பைச் சீவி, அந்த ஓட்டையில் செருகி, அந்தப் பக்கத்தை வாசலைப் பார்க்க வைத்தாள். மற்றக் கிளையெல்லாம் சீமை இறகு, ஒன்று மட்டும் நம் கடற்கரைக் கொப்பு. அன்று காலை வெட்டினதை அன்று சாயங்காலம் செருக வேண்டும் என்பது அவள் சட்டம். வாடாத மரம் வேண்டும் என்று ஆசைப்பட்டவள், வாடுகிற ஒரு கொப்பை எதற்கு வைத்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பாள். வருஷா வருஷம் கொப்பு கொண்டுவருவது என் வேலை, மரத்தைப் பிடித்துக்கொள்வது உன் வேலை, கிளை செருகுவது அவள் வேலை.

நான் வீட்டில் இல்லாத வருஷத்தை மறந்திருக்க மாட்டாய். தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்துப் போலீஸ் வீடு வீடாக ஏறின வருஷம். ஊர்வலத்தில் நான் கத்தினது எட்ட வேண்டிய காதுக்கு எட்டிவிட்டது. காரோட்டில் நான் சவுக்கு வாங்குகிற தோப்புக்காரர் வீட்டில் போய் ஒளிந்திருந்தேன். நல்ல மனிதர், சோறு போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அந்தத் தோப்பில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் போல் நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. சவுக்குத் தோப்பில் காற்று அடித்தால் ஆள் அழுகிற மாதிரியே இருக்கும். பாறசாலையில் கோயில் மணி அடிக்கும், அவளும் நீயும் மட்டும் போவீர்கள், எங்கே உன் ஆள் என்று நாலு பேர் கேட்பார்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எவன் எந்த ஊரை எங்கே சேர்த்தால் எனக்கென்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

அப்போதுதான் மணலில் நீ நடந்து வந்தாய். முழங்கால்வரை புழுதி, சட்டைக்குள் வாழையிலைப் பொட்டலம். "எலே, நீ எப்படில இங்க வந்த?" என்றேன். "அம்மை கொப்பு வாங்கிட்டு வரச் சொன்னா" என்றாய். பொட்டலத்தில் முந்திரிக்கொத்து இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து தின்றோம். மரத்தை யார் பிடிப்பார், யார் செருகுவார் என்று கேட்டேன். "நான் பிடிக்கேன், அம்மை செருகுவா. நிங்க வாற வரைக்கும் நான் பாத்துக்குவேன்" என்றாய். நான் தோப்பில் ஏறி இறங்கி, மரம் மரமாய்ப் பார்த்து, என் வாழ்நாளில் யாருக்கும் வெட்டாத மாதிரி ஒரு கொப்பை வெட்டிக் கொடுத்தேன். திரும்பிப் போகும்போது முக்கில் நின்ற போலீஸ்காரன் உன்னை நிறுத்தி, "எவிடெ போயிட்டு வருன்னு?" என்று கேட்டதும், நீ கொப்பைக் காட்டி, "கிறிஸ்மஸ் மரத்துக்கு" என்றதும், அவன் அந்தக் கொப்பை முகர்ந்து பார்த்துவிட்டு உன் தலையில் தட்டி அனுப்பினதும் பிறகு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவ்வளவு கத்தியும் எல்லையை நாங்கள் கேட்ட இடத்தில் போடவில்லை. களியக்காவிளை அந்தப் பக்கம் போயிற்று, பாறசாலை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதைப் பார்க்க உன் அம்மை இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்திலேயே அவளைக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டோம். பிறகு நீ படித்து வாத்தியார் ஆனபோது, சென்னை ராஜ்ஜியத்து வேலை போதும் என்று எழுதிப் போட்டுவிட்டுப் போனாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கேட்டாயா. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன் தமிழ் இருக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் போன கிறிஸ்மஸுக்கு நீங்கள் வந்திருந்தபோது, சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில், நீ பேச்சை எடுத்தாய். கடையை வித்துட்டு வாங்க என்றாய். நான் மாட்டேன் என்றேன். "தமிழ் தமிழ்னு கோஷம் போட்டது நிங்க. இப்ப கேரளத்துல குந்தியிருக்கியதும் நிங்க. செத்துப் போனவளுக்குக் காவலா இருக்கியீங்க?" என்று கேட்டாய்.

எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. ஆமாம், காவல்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "உனக்கு மரந்தானே வேணும், அதுக்குத்தானே வருஷா வருஷம் வாற? ஆளை விட்டு எடுத்துக்கிட்டுப் போ. நீ வரண்டாம்" என்றேன். மருமகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். நீங்கள் பஸ் ஏறின பிறகுதான் பார்த்தேன், கட்டிக் கொடுக்க வைத்திருந்த முந்திரிக்கொத்துப் பொட்டலம் மேசையிலேயே இருந்தது. அதை நான் தின்னவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. எறும்பு தின்றது. நான் சொன்னபடியே நீ இந்த வருஷம் ஆளை அனுப்புகிறாய். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய், என்ன செய்ய.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. உள்ளதைச் சொல்கிறேன், மக்கா, வீட்டில் சத்தம் இல்லை. கடை சாத்திவிட்டு வந்தால் என் செருப்புச் சத்தம்தான். ஒரு ஆளுக்குக் கஞ்சி வைத்தால் அளவே சரியாக வருவதில்லை, மிஞ்சுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவள் கல்லறைப் பக்கம் போய் நிற்பேன். உன் விசேஷம் சொல்லலாம் என்றால் உன் விசேஷமும் எனக்குத் தெரியாது. நேற்றுத்தான் போய் பிள்ளை நடக்கிறாள் என்று சொன்னேன். நீயும் வீட்டில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அதை எடுக்க முடியாமல் நிற்காதே. என்னிடமிருந்து வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இந்த வாயை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. பெண்டாட்டி பிள்ளைகளிடம் கோபம் வந்தால் எழுந்து போய் விறகாவது பிள. அப்படி வந்த விறகுதான் இந்தக் கடையில் பாதி.

இன்று காலை பெட்டியைக் கடை வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஆரியங்கோட்டு ரப்பர்காரர் வந்தார். அவரும் கிழவராகிவிட்டார். ஏலத்தில் முறைத்துக்கொண்ட மனிதர்தான் உன் அம்மையைத் தூக்கினபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தில் தோள் கொடுத்தார் என்பது உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு டிசம்பரிலும் வந்து, "என்றெ மரம் சுகமா இருக்கா?" என்று கேட்பார். இப்போதெல்லாம் என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். கட்சி முடிந்துவிட்டது அல்லவா. பெட்டிக்குக் கயிறு எடுத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்கோட்டு?" என்றார்.

"நாகர்கோவிலுக்கு. மகன் கேட்டிருக்கான்."

"நல்லது. அப்ப நிங்களோ?"

நான் கயிற்றைக் கீழே போட்டுவிட்ட மாதிரி குனிந்து தேடினேன். "மரம் போனா, ஆளும் போணும்" என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். வாங்க வந்த விறகை வாங்காமலே போய்விட்டார்.

சரி, மரத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தண்டின் அடியில் சிவப்புப் பொட்டு வைத்த ஓட்டைகளில் சிவப்புப் பொட்டு வைத்த கிளைகள், நீளமானவை. அதற்கு மேல் மஞ்சள், உச்சியில் வெள்ளை. நீ எப்போதும் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன், செருகினவன் இல்லை, அதனால் சொல்கிறேன். மண்ணெண்ணெய் டின்னில் ஈர மணல் நிரப்பி அதில் நடு. பிள்ளை பிடித்து இழுப்பாள் என்று எழுதியிருக்கிறாய், டின்னைச் சுற்றி நாலு செங்கல் வை. மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம், இறகு பற்றிக்கொள்ளும். செக்போஸ்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டும்படி கண்டக்டரிடம் சொல்லிவிடுகிறேன். ஒரு ராஜ்ஜியத்திலிருந்து இன்னொரு ராஜ்ஜியத்துக்கு வாத்து இறகு கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இருக்காது.

அடி வட்டத்தில் ஒரு ஓட்டை காலியாக இருக்கும். எடுத்து வைக்க மறந்துவிட்டான் கிழவன் என்று நினைக்காதே. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பாதே, அவளுக்குப் பிடிக்காது. அதற்குரிய கொப்பைப் பெட்டியில் வைக்கவில்லை. இப்போதே வெட்டி வைத்தால் பண்டிகைக்குள் காய்ந்து உதிர்ந்துவிடும். அன்று காலை காரோட்டில் வெட்டினால், பஸ் பிடித்துச் சாயங்காலத்துக்குள் கையில் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். ஒரு ஆள் கொண்டு வர வேண்டும். ஒரு கார்டு போடு, ஒரு வரி போதும்.

நாகர்கோவிலில் சவுக்கு கிடைக்காதா என்று நீ கேட்பாய். கிடைக்கும், எனக்குத் தெரியும். நான் காரோட்டில் ஒளிந்திருந்த வருஷம் பயத்தில் ஒருவரும் மரம் வாங்க வரவில்லை. வண்டியில் வந்து இறங்கின காற்றாடியெல்லாம் விற்காமல், பச்சை மாறாமல், நம் கடை முற்றத்திலேயே குவிந்து கிடந்தது. அதைத் தாண்டிக்கொண்டுதான், உன் அம்மை சொன்னாள் என்று, ஒரு கொப்புக்காக நீ என்னிடம் அவ்வளவு தூரம் நடந்து வந்தாய்.

அப்பா